கல்லில் எண் உண்டு, பெயர் எங்கே?

வேலூருக்குச் செல்லும் நண்பர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், ஜலகண்டேசுவரர் கோயிலைப் பார்ப்பார்கள். லாங் பஜார் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்து மணி சரிபார்த்துக்கொள்வாரும் உண்டு. ஆனால் அந்த மணிக்கூண்டில் பதித்த ஒரு கல்லை நின்று படிப்பவர் சிலரே. மூட்டையும் வண்டியும் முட்டி மோதும் அந்த வீதியில் நிற்பதற்கு இடம் எங்கே? கல்லில் ஆங்கிலத்தில் சில வரிகள்தாம் உள்ளன. அவற்றின் செய்தி இது: இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர்.

அவ்வளவே. 277 பேருள் ஒருவருடைய பெயரும் இல்லை. இறந்த 14 பேருடைய பெயரும் இல்லை. வேலூரைக் 'கிராமம்' என்று அக்கல் குறிப்பிடுவதைக் கவனித்தால் ஒன்று விளங்கும். கோட்டையும் கடைவீதியும் உள்ள நகரத்தை யாரும் கிராமம் என்று எழுதமாட்டார். எல்லா ஊர்களுக்கும் ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டு, ஊர்ப்பெயரையும் இரண்டு எண்களையும் மட்டும் மாற்றி வெட்டினார்கள் என்பதற்கு அதுவே சான்று போலும். இத்தகைய கற்கள் பஞ்சாபிலும் மராட்டியத்திலும் தமிழகத்திலும் ஊர்ச்சாவடிகளிலும் பள்ளிச் சுவர்களிலும் இன்னும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான்.

வேலூர்க் கல்லைப் பற்றிப் பேத்தமங்களாக்காரன் ஏன் எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் பாலாறு. நந்தி மலைப் பக்கம் பிறந்து கோலார்ச் சீமையில் இறங்கிவரும் அந்த ஆறு எங்கள் ஊர்ப் பெரிய ஏரியை நிரப்பிவிட்டு, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்குப் போகிறது. நீர் கிழக்கே போயிற்று. மக்கள் மேற்கே வந்தார்கள். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார்த் தங்கவயலில் ஆழச் சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது, வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தனர். சுரங்கத்தில் உள்ளவர்களுக்குக் குடிநீர் எங்கள் பேத்தமங்களா ஏரியிலிருந்துதான் குழாய் வழியே ஏறிப் போயிற்று. அந்த வாட்டர் ஒர்க்சில் வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. சுரங்கம் 2001 இல் மூடப்பட்டுவிட்டது. குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன. ஆகையால் தங்கவயல் தமிழர் பலருக்கு 1914 ஆம் ஆண்டில் 'சொந்த ஊர்' என்பது பாலாற்றின் கீழ்க்கரையில்தான் இருந்தது. போருக்குப் போன எங்கள் ஆட்களைத் தேடவேண்டுமானால் அந்தக் கரையில் தேடவேண்டும்.

சென்னை மாகாணத்திலிருந்து முதல் உலகப்போருக்கு எடுக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். அவர்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே துப்பாக்கி ஏந்தியவர்கள். மற்றவர்கள் சுமை தூக்கினார்கள், தண்டவாளம் போட்டார்கள், சமைத்தார்கள், மாடும் கழுதையும் ஓட்டினார்கள். பஞ்சாபிலிருந்தோ நாலரை லட்சத்துக்கு அருகில். இந்த வேற்றுமை தானாக வந்ததன்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் என்னும் தளபதி, தென்னாட்டார் போருக்கு ஏற்றவர் அல்லர் என்று எண்ணியவர். 'வீர இனங்கள்' என்ற கொள்கை அவர் காலத்தில் வேரூன்றிற்று. ஆங்கிலேயருக்கு இந்தியாவைப் பிடித்துக் கொடுத்ததே சென்னைப் பட்டாளம்தான் என்பதை மறந்து, அதே பட்டாளத்தின் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். பிள்ளைமார், நாயுடுமார், பறையர், கிறித்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் ஆள் எடுத்த ஒரு படை மட்டும் தப்பிப் பிழைத்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் அது. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் சுரங்கம் தோண்டி வெடி வைப்பதும் அவர்களுடைய தொழில். அப்படைவீரருக்கு இன்றளவும் 'தம்பிகள்' என்றே பெயர். வடநாட்டு அதிகாரிகளும் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள்.

இங்கே ஒரு சிறு செய்தி. முள்வேலியைத் தகர்க்க நீண்ட குழாயில் வெடிமருந்து அடைத்து நுழைக்கும் கருவிக்கு உலகப் படைகள் எல்லாம் 'பெங்களூர் டார்பிடோ' என்று பெயர் சொல்கின்றன. 1912 இல் இந்தச் சாப்பர் முகாமில் மக்ளின்டாக் என்னும் காப்டன் அமைத்தது அது. இரண்டாம் உலகப்போரில் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர் இறங்கியபோதும் இதைக் கையாண்டார்கள். பாறையில் துளையிட்டு மருந்து கிட்டிப்பது தங்கவயல் மைன்ஸ்காரர்களின் அன்றாட வேலை. ஒரே கிராமத்து அண்ணன் சுரங்கத்துக்கும் தம்பி சாப்பருக்கும் போனதில் வியப்பு என்ன?

எங்கள் வீட்டில் 'பசராத் தாத்தா' என்று ஒருவரைப் பற்றிப் பேசுவார்கள். என் ஆயாவுக்கு அவர் மாமனார். பசரா என்பது ஏதோ ஒரு சந்தை ஊர் என்றே சிறுவயதில் நினைத்திருந்தோம். மெசபொட்டேமியாவின் துறைமுகமான பஸ்ராதான் அது என்பது கல்லூரிப் படிப்புக்கு வந்தபின் தெரிந்தது. அவர் துப்பாக்கி பிடித்தவர் அல்லர். கூலிப்படையில் போய்த் திரும்பியவர். அவர் வைத்துவிட்டுப் போன பதக்கம் ஒன்று அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறு பக்கம் குதிரைமேல் ஓர் ஆள். நிறம் பழுப்பு.

அந்தப் பழுப்பு நிறமே ஒரு வரலாறு. 'பிரிட்டிஷ் வார் மெடல்' என்ற இப்பதக்கம் போர்வீரர்களுக்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. இந்தியா, சீனா, மால்டா முதலிய நாடுகளின் கூலிப்படையினருக்கு அதே வார்ப்பு, அதே அளவு, ஆனால் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. அப்படி வெண்கலத்தில் அடித்தவை ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம். போர்முனைக்குத் தண்டவாளம் சுமந்தவனும் அதே வெயிலில்தான் நின்றான். அதே வாந்திபேதியில்தான் விழுந்தான். பதக்கத்தில் மட்டும் உலோகம் வேறு.

ஆனால் காலம் அதில் ஒரு விளையாட்டு ஆடியிருக்கிறது. வெள்ளிப் பதக்கம் பெற்ற வீடுகளில் பஞ்சம் வந்தபோதும் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தபோதும் அது தட்டான் கடைக்குப் போயிற்று. உருக்கிக் கால்கொலுசாகவும் மெட்டியாகவும் ஆயிற்று. வெண்கலத்தை எந்த அடகுக்கடையும் ஏற்கவில்லை. ஆகவே அது பெட்டியிலேயே கிடந்தது. மதிப்பில்லாதது என்பதால் தப்பியது!

நண்பர்களே, இப்பதக்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். அதன் விளிம்பைப் பாருங்கள். நாணயத்தின் ஓரத்தில் வரி இருக்குமே, அந்த இடத்தில் மெல்லிய ஆங்கில எழுத்துகளில் ஒரு படை எண்ணும் ஒரு பெயரும் படைப்பிரிவின் சுருக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கள் பதக்கத்தை நம் ஆய்வுக்கூடத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நேர் ஒளியில் தேய்ந்து மறைந்திருந்த எழுத்துகள், சாய்ந்த ஒளியில் நிழல் விழுந்து எழுந்தன. கல்வெட்டுப் படிப்பவர்கள் மாலை வெயிலுக்குக் காத்திருப்பதும் இதே காரணத்தால்தான். கொள்ளுத் தாத்தாவின் பெயர் அங்கே இருந்தது. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். ஆயா அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். பிறகு சிறிது நேரம் பேசவில்லை. மாமனார் பெயரைத் தாம் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை என்றார்.

திரும்பி வந்தவருக்குப் பதக்கத்தின் ஓரத்திலாவது பெயர் கிடைத்தது. வராதவர்கள் என்ன ஆனார்கள்?

மெசபொட்டேமியாவில் இறந்து கல்லறை அறியப்படாதவர்களுக்காகப் பஸ்ராவில் ஒரு பெரிய நினைவிடம் 1929 இல் எழுப்பப்பட்டது. 40 ஆயிரத்து 500 பேருக்கு மேற்பட்டவர்களை அது நினைவுகூர்கிறது. ஆற்றங்கரையில் இருந்த அந்த நினைவிடத்தைச் சதாம் உசேன் ஆட்சியில், 1997 இல், கல்கல்லாகப் பெயர்த்துப் பாலைவனத்தில் நசிரியா சாலையில் கொண்டுபோய் வைத்தார்கள். அதன் சுவர்களில் ஆங்கிலேயப் படைவீரர் பெயர் உண்டு. கடைநிலைச் சிப்பாயின் பெயரும் உண்டு. இந்தியப் படைப்பிரிவுகளுக்கு வரும்போது அதிகாரிகளின் பெயர்களை மட்டும் எழுதி, கீழே 'மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்று ஓர் எண்ணைப் போட்டு முடித்துவிட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். வேலூரிலிருந்து போய்ப் பஸ்ராப் பக்கத்தில் கல்லறையின்றி ஒருவன் இறந்திருந்தால், அவன் ஊர்க் கல்லில் 14 க்குள் ஒரு எண். பஸ்ராச் சுவரில் அவன் படைப்பிரிவின் கீழே மற்றோர் எண். இரண்டு இடத்திலும் கணக்கில் வருகிறான். இரண்டு இடத்திலும் பெயர் இல்லை.

இது நடந்தது, இறந்தவர் யாவரையும் ஒன்றாக நடத்துவோம் என்று எழுதி வைத்துக்கொண்ட ஒரு நிறுவனத்தின் கையால் என்பதுதான் வேடிக்கை. போர்க்கல்லறை ஆணைக்குழு 1917 இல் தொடங்கிற்று. பதவி, இனம், சமயம் என்ற வேற்றுமை இன்றி இறந்த ஒவ்வொருவர் பெயரும் கல்லில் வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. ஐரோப்பாவில் அதைப் பெரிதும் காத்தார்கள். பிரான்சில் நவ் ஷாப்பல் என்ற ஊரில் 1927 இல் திறந்த இந்திய நினைவிடத்தில் 4,700 க்கு மேற்பட்ட இந்தியர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சிப்பாய் பெயரும் உண்டு. ஐரோப்பாவை விட்டு வெளியே வந்ததும் கொள்கை மெலிந்துவிட்டது. அந்த ஆணைக்குழுவே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் மற்றவர்க்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. இன்னும் குறைந்தது 1 லட்சத்து 16 ஆயிரம் பேர், ஒருவேளை 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை, அல்லது எவ்வகையிலும் நினைவுகூரப்படவில்லை என்பது அதன் கணக்கு. இந்தியப் படையினர் முதல் போரில் ஏறத்தாழ 74 ஆயிரம் பேர் இறந்தனர் என்பதோடு இதை ஒப்பிட்டால் அளவு விளங்கும்.

இங்கிலாந்துக் கிராமங்களில் நிலைமை வேறு. அங்கே 'பாரிஷ்' என்பார்கள்; நம் கிறித்தவ நண்பர்கள் 'பங்கு' என்கிறார்களே, அதுதான். ஒவ்வொரு பங்கின் கோயிலிலும், அல்லது ஊர் நடுவில் நட்ட கற்சிலுவையிலும், போரில் இறந்த அவ்வூரார் பெயர்கள் இருக்கும். பல இடங்களில் அகரவரிசை. ஆகவே பண்ணையார் மகனுக்கு முன்னால் ஏர் உழுதவன் பெயர் வரக்கூடும். போருக்குப் போன எல்லாரும் உயிரோடு திரும்பிய ஊர்களுக்கு ஆர்தர் மீ என்ற எழுத்தாளர் 'நன்றியுள்ள கிராமங்கள்' என்று பெயர் வைத்தார். ஆயிரக்கணக்கான ஊர்களுள் அப்படிப்பட்டவை ஐம்பது சொச்சமே இன்று அறியப்பட்டுள்ளன. அக்கணக்கை எப்படி எடுக்க முடிந்தது? பெயர்ப்பட்டியல் இருந்ததால் எடுக்க முடிந்தது. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வேலூரின் 14 ஐச் சரியா தவறா என்று யாரால் சோதிக்க முடியும்? 277 இல் 14 என்பது இருபதுக்கு ஒருவர். இந்தியா முழுமைக்கும் உள்ள விகிதத்தை ஒட்டியே வருகிறது. அதற்குமேல் அந்த எண் ஒன்றும் பேசாது. கூலிப்படையில் போனவர்கள் அந்த 277 இல் சேர்த்தியா என்று கேட்டாலும் பேசாது.

பெயர் எழுதுவது மேல்நாட்டு வழக்கம், நமக்குப் பழக்கமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களைக் கோலார் மாவட்டத்தின் ஏரிக்கரைகளுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எங்கள் ஊரே பழைய ஊர். வாணர் குலத்து விஜயாதித்தன் பெயரால் விஜயாதித்தமங்கலம் என்று வழங்கியது அது. அந்த வாணர், கங்கர், நுளம்பர் காலத்து வீரக்கற்கள் இம்மாவட்டத்து வயல்களிலும் கோயில் வாயில்களிலும் ஏராளம். பி. எல். ரைஸ் என்பவர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905 இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் எத்தனையோ உண்டு. கீழே சண்டை, நடுவில் வீரனைத் தேவமகளிர் ஏந்திச் செல்லுதல், மேலே சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருத்தல் என்று மூன்று அடுக்காகச் செதுக்கியவை பல. பெங்களூர் என்ற ஊர்ப்பெயர் முதன்முதலாக அகப்படுவதே பேகூரில் உள்ள ஒரு வீரக்கல்லில்தான். காலம் ஏறத்தாழ கி. பி. 890. ஒரு சண்டையில் ஒருவன் பட்டதைச் சொல்ல வந்த கல், இன்று ஒரு மாநகரத்தின் பெயருக்குச் சான்றாக நிற்கிறது.

எல்லைக்கு இப்பால் செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் பல்லவர் காலத்தவை. அவற்றில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். பிறகு இந்த ஊரில், இன்னார் சேவகன், இன்ன பெயருடையான், மாட்டை மீட்டுப் பட்டான் என்று வரும். இன்னும் முன்னே போனால் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 இல் கிடைத்த நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் ஆநிரைப் பூசலில் பட்டவனைக் குறிக்கின்றன; இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை வகுக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதும், நாள் பார்த்துக் கொணர்வதும், நீராட்டுவதும், நடுவதும், படையலிடுவதும், வாழ்த்துவதும் என்று முறை உண்டு. நான்கு மாட்டுக்காக இறந்த ஒரு மறவனுக்குப் பெயரெழுதிய நாட்டில், கடல் கடந்து இறந்தவனுக்கு எண் மட்டும் எழுதிய கல்லை ஊரார் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஊராரை நான் குறை கூறமாட்டேன். கல் சர்க்கார் கொடுத்தது. வாசகம் அவர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் நிலைமை ஓரளவு திருந்தியது. 25 லட்சம் இந்தியர் சேர்ந்தனர். ஏறத்தாழ 87 ஆயிரம் பேர் மாண்டனர். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர்சைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 ஆம் நாள் இத்தாலியில் மிக்னானோ என்னும் இடத்தில் கண்ணிவெடிகளை அகற்றும்போது, உடன் வந்த ஒருவர் காலடியில் ஒரு கண்ணி கிளம்பியது. சில வினாடிகளில் பெருவெடி வரும் என்பது தொழில் தெரிந்த அவருக்குத் தெரியும். ஓடுவதற்குப் பதிலாக அதன்மேல் விழுந்து தம் உடலால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த விருது கிடைத்தது. நம் மாணவருள் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பீர்கள்? அதே போரில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் இழுத்துப்போன தமிழர்களோ எந்தப் படையிலும் இல்லாதவர்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயருடன் இருக்க, அத்தமிழர் கூட்டமாய்ப் புதைந்தனர். அது தனியே எழுதவேண்டிய கதை.

இனிச் செய்யக்கூடியது என்ன? பஞ்சாபில் வழி காட்டியிருக்கிறார்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் தூசி படிந்து கிடந்த ஊர்வாரிப் பதிவேடுகளைப் படமெடுத்து, 3 லட்சத்து 20 ஆயிரம் பேருடைய விவரங்களை 2021 இல் பொதுமக்கள் தேடும்படி செய்துவிட்டார்கள். நம் பக்கத்துக்கு அந்த வேலையை வீடுகளிலிருந்துதான் தொடங்கவேண்டும். போர்க்கல்லறை ஆணைக்குழுவின் பெயர்ப்பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பஸ்ராச் சுவரில் எண்ணாகப் போனவர்களின் பெயர்களையும் அங்கே தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். முனுசாமி என்ற ஒரே பெயர் அங்கே மூனிசாமி, முனிஸ்வாமி, மொன்சாமி என்று எப்படியும் நிற்கலாம். எங்கள் ஊரே பேதமங்கலம், பேத்தமங்களா, பெட்மங்களா என்று மூன்று வகையாக எழுதப்பட்டிருக்கிறது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர், கோலார் என்று மாவட்டத்தை மாற்றி மாற்றித் தேடவேண்டும்.

வீட்டில் தேடும்போது பதக்கம் மட்டுமன்றி, பன்னிரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வெண்கலத் தட்டு ஒன்று அகப்படுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பெண் உருவமும் சிங்கமும் இருக்கும். இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பியது அது. அதில் பதவி குறிக்கமாட்டார்கள்; பெயர் மட்டும் எழும்பி நிற்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். ஈரத்துணியால் துடைத்துப் பக்க ஒளியில் படம் எடுத்தால் போதும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் தங்கவயல், குடியாத்தம், ஆம்பூர், வேலூர் நண்பர்களுக்காகச் சங்க அறையில் ஒரு நீண்ட நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், தந்தை பெயர், ஊர், படை எண், படைப்பிரிவு, போன இடம், திரும்பினாரா என்று ஏழு பத்திகள். இதுவரை ஒன்பது பெயர்கள் ஏறியுள்ளன. அவற்றுள் மூன்று பெயர்களுக்கு எதிரே கடைசிப் பத்தியில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறது.